கதை முடிந்ததாம்! யாருடைய கதை?

முடிந்துவிட்டது என்கின்றனர்.

எது முடிந்தது? மடங்களின் மாட்சி முடிந்ததா? மண்ணுலகில் பிறப்பால் வரும் பெருமை முடிந்ததா? பிறப்பால் வீழும் இழிவு முடிந்ததா? இல்லை, தோழர்களே, இல்லை! அவையெல்லாம் அவ்வவற்றின் இடத்தில் நலமாகவே இருக்கின்றன. பட்டாடை உடுத்தி, பல்லக்கு ஏறி, பவனியும் வருகின்றன. முடிந்துவிட்டது என்று இவர்கள் சாவுமணி அடிப்பது பகுத்தறிவுக்கு! அறிவு வளர்ந்தால் அடிமைத்தளை அறும், ஏட்டைத் தொடக்கூடாது என்று விலக்கப்பட்டவன் ஏடு எழுதுவான், ஏன் என்று கேட்டவன் எழுந்து நிற்பான் என்று மூன்று நூற்றாண்டுகளாக மனித குலம் வளர்த்துவந்த நம்பிக்கைக்கு!

மணி அடிப்பவர்கள் பூசாரிகளாக இருந்தால் நமக்கு வியப்பில்லை. அவர்கள் தொழிலே அது. அடிப்பவர்கள் பேராசிரியர்கள். பல்கலைக் கழகத்தில் இடம் பெற்றோர், பன்மொழி அறிந்தோர், பாரெங்கும் பெயர் பெற்றோர். ஆகவேதான் அவர்கள் சொல்வதைச் சற்று நின்று கேட்கவேண்டியிருக்கிறது. கேட்டபின் கேள்வியும் கேட்கவேண்டியிருக்கிறது.

பாரிசு நகரத்துத் தத்துவப் பேராசிரியர் லியோதார், 1979ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நவீன காலம் கழிந்துவிட்டது, இப்போது நாம் வாழ்வது அதற்குப் பிந்திய நிலை. இந்த நிலையின் அடையாளம் என்னவெனில், பெருங்கதைகளின்மீது எவருக்கும் நம்பிக்கை இல்லாமற் போனதே என்பது அதன் சாரம். பெருங்கதை என்றதும் இராமாயணமும் பாரதமும் என்றெண்ணி மகிழ்ந்துவிடாதீர்! அந்தக் கதைகளை அவர் தொடவில்லை. மனித குலம் விடுதலை நோக்கி நடைபோடுகிறது என்பதும், அறிவு அனைத்தும் ஒன்றுபட்டு உண்மையை நோக்கி உயர்கிறது என்பதுமே அவர் கூறும் பெருங்கதைகள். இவை இரண்டும் செத்தன. இனிச் சிறுசிறு கதைகளே உண்டு. அவரவர்க்கு அவரவர் கதை, அவரவர்க்கு அவரவர் ஆட்டவிதி!

அந்த நூல் பிறந்த வரலாறு பலருக்குத் தெரிவதில்லை. அது அவராக உட்கார்ந்து எழுதியதன்று. கனடா நாட்டின் கியூபெக் மாநில அரசுடைய பல்கலைக்கழக மன்றம், வளர்ச்சியடைந்த நாடுகளில் அறிவின் நிலை என்ன என்று ஓர் அறிக்கை எழுதித் தரக் கேட்டது. கேட்டதற்குக் கொடுத்த அறிக்கைதான் பின்நவீனத்துவத்தின் வேதநூல் ஆயிற்று. அவரே பின்னாளில், தம் நூல்களிலெல்லாம் மட்டமானது அதுவே என்று ஒப்புக்கொண்டார் என்பது வேறு செய்தி. வேதத்தை எழுதியவரே வேண்டாம் என்றாலும் விடுவார்களா பக்தர்கள்!

அறிக்கை கேட்ட அந்தக் கியூபெக்கின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். அதைவிட நல்ல மறுமொழி அந்த அறிக்கைக்கு நான் கண்டதில்லை.

பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்க மக்களின் மாநிலம் அது. அங்கே பள்ளிக்கூடம் மாதாகோயிலின் கைப்பிடியில் இருந்தது. 1875ஆம் ஆண்டில் கல்விக்கென்று இருந்த அமைச்சகத்தையே ஒழித்துவிட்டு, பொறுப்பைக் கல்வி மன்றம் ஒன்றிடம் ஒப்படைத்தனர். அதன் கத்தோலிக்கக் குழுவில் ஆயர்கள் பதவியுரிமையால் அமர்ந்தனர். எவரும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. அங்கி அணிந்தால் போதும், ஆசனம் உண்டு! பக்கத்து மாநிலமான ஒண்டாரியோவில் குழந்தைகளைக் கட்டாயம் பள்ளிக்கு அனுப்பவேண்டும் என்ற சட்டம் 1871இல் வந்தது. கியூபெக்கில் அது வர 1943 ஆயிற்று. எழுபத்திரண்டு ஆண்டுகள்! அந்த எழுபத்திரண்டு ஆண்டுகளில் ஏடு காணாமலே வளர்ந்து, தொழிற்சாலையிலும் மரக்காட்டிலும் முதுகொடிந்து, பிரார்த்தனை மட்டும் பிழையின்றிச் சொல்லக் கற்று மாண்டோர் எத்தனை பேர்!

பெண்ணின் நிலையோ இன்னும் கேவலம். கனடா நாட்டுத் தேர்தலில் பெரும்பாலான பெண்கள் 1918இல் வாக்குரிமை பெற்றனர். கியூபெக் மாநிலத் தேர்தலில் அவ்வுரிமை 1940இல்தான் கிட்டியது. அப்போதும் கர்தினால் எதிர்த்தார். வாக்குரிமை வந்தபின்னும், மணமான பெண் தன் பெயரால் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது. கணவன் இசைவு வேண்டும். 1961இல் கிளேர் கிர்க்லாந்து என்ற வழக்கறிஞர், அந்தச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் என்ற பெருமை பெற்றார். மக்களின் பிரதிநிதி, சட்டம் இயற்றும் தகுதி படைத்தவர். தலைநகரில் குடியிருக்க ஒரு வீடு வாடகைக்கு எடுக்கச் சென்றார். கணவர் கையெழுத்து எங்கே என்று கேட்டனர்! நாட்டுக்குச் சட்டம் எழுதலாம். வீட்டுக்கு வாடகைச் சீட்டு எழுதக் கூடாது! அந்த அம்மையாரே முன்னின்று கொண்டுவந்த சட்டம் 1964ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபிறகுதான் மணமான பெண் சட்டத்தின் முன் முழு ஆள் ஆனாள்.

அதே 1964இல்தான், 89 ஆண்டுகளுக்குப் பின், கல்வி அமைச்சகம் மீண்டும் பிறந்தது. அதற்கு வழிகாட்டிய விசாரணைக் குழுவின் தலைவர் பாரண்ட் என்ற பாதிரியார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நல்லது செய்தவர் அங்கி அணிந்திருந்தாலும் நல்லவரே. 1967இல் கட்டணமில்லாக் கல்லூரிகள் எழுந்தன. 1968இல் அரசின் பல்கலைக் கழகம் எழுந்தது. அறிக்கை கேட்டதே, அந்தப் பல்கலைக்கழக மன்றம், அதுவும் அதே 1968இன் பிள்ளை!

இப்போது சொல்லுங்கள். எந்தக் கதையை நம்பி அந்த மக்கள் இவ்வளவும் செய்தனர்? அறிவு பரவினால் அடிமைத்தனம் அகலும் என்ற அந்தப் பெருங்கதையை நம்பித்தானே! அந்தக் கதையின் காசிலே கல்லூரி கட்டி, அந்தக் கதையின் காசிலே மன்றம் அமைத்து, அந்த மன்றத்தின் காசிலே அறிக்கை எழுதச் சொன்னால், வந்த அறிக்கை, 'உங்கள் கதை செத்துவிட்டது' என்கிறது! முதல் தலைமுறை மாணவன் கல்லூரிப் படியேறிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகவில்லை. பந்தியில் அவன் இப்போதுதான் உட்கார்ந்தான். வயிறு நிறைந்தவர் எழுந்து கைகழுவி, விருந்து முடிந்தது என்று இலையைச் சுருட்டுகிறார்.

லியோதாரை வெறும் சொகுசுக்காரர் என்று தள்ளிவிடுவது நேர்மையாகாது. அவர் 1950இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டீன் நகரில் ஆசிரியப் பணி ஏற்றவர்; பிரெஞ்சு ஆதிக்கத்தின் கொடுமையைக் கண்ணாரக் கண்டவர்; அந்நாட்டின் விடுதலைக்காகத் துணிந்து எழுதியவர். 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. கண்ட கனவு அங்கே பலிக்கவில்லை, பொதுவுடைமை பேசிய நாடுகளிலும் பலிக்கவில்லை என்ற ஏக்கம் அவரை வாட்டியது. உளம் உடைந்தது, உடைந்த உள்ளம் உலகமே உடைந்துவிட்டது என்று முடிவு கட்டியது. இரங்கலாம், ஏற்க முடியாது. வைத்தியம் பலிக்கவில்லை என்பதால் நோயே இல்லை என்று சொல்லும் மருத்துவரிடம் எவன் செல்வான்?

இவர்களுடைய வாதத்திலே வலுவானது ஒன்று உண்டு. அதனை விட்டுவிட்டு எளியதை மட்டும் எடுத்து அடிப்பது வீரமன்று. ஆகவே அதையும் எடுப்போம்.

போலந்து நாட்டில் யூதக் குடும்பத்தில் 1925இல் பிறந்தவர் சிக்மண்ட் பாவ்மன். 1989இல் அவர் எழுதிய நூல் கேட்ட கேள்வி நெஞ்சைச் சுடும் கேள்வி. அறுபது இலட்சம் யூதர்களைக் கொன்றொழித்தார்களே, அது காட்டுமிராண்டிகள் செய்த காரியமா? இல்லையே! காலந்தவறா இரயில், கணக்குத் தவறா அலுவலகம், படித்துப் பட்டம் பெற்ற பொறியாளர், வேதியியல் அறிந்த வல்லுநர் இவ்வளவும் கூடியல்லவா அது நடந்தது! நாகரிகம் தடுக்கவில்லை என்பது மட்டுமன்று, நாகரிகத்தின் கருவிகளே அதை நடத்திக் கொடுத்தன என்கிறார் பாவ்மன். பகுத்தறிவு பேசும் நாம் இதைக் கேட்டுத் தலைகுனிய வேண்டாமா?

குனியத்தான் வேண்டும். கருவியைக் கண்டு மயங்கிக் கருத்தை மறந்தவர்கள் நம்மிலும் உண்டு; அணையும் ஆலையும் வந்தால் அனைத்தும் வந்ததென்று பேசியவர்கள் உண்டு. ஆனால் அடுத்த கேள்வியையும் கேட்போம். அந்த இரயில் யாரை ஏற்றிச் சென்றது? ஏற்றப்படவேண்டியவர் யார் என்று எப்படி முடிவு செய்தனர்? 1935ஆம் ஆண்டின் நியூரம்பர்க் சட்டங்களைப் பாருங்கள். ஒருவன் என்ன எண்ணுகிறான், எதை வணங்குகிறான், எப்படி வாழ்கிறான் என்று அச்சட்டம் கேட்கவில்லை. உன் தாத்தா பாட்டி நால்வரில் எத்தனை பேர் யூதர் என்று கேட்டது! மூவர் என்றால் முடிந்தது உன் கதை. பிறப்பே விதி, இரத்தமே தீர்ப்பு! இது பகுத்தறிவின் குரலா? மனிதனை மனிதனாகப் பார், பிறப்பைப் பார்க்காதே என்று சொன்னதல்லவா பகுத்தறிவு! 1933 மே 10 அன்று பெர்லின் நகரில் நூல்களைக் குவித்துக் கொளுத்தியவர்கள், அறிவு மிகுந்துபோயிற்று என்பதற்காகவா கொளுத்தினர்? கருவி புதியது, கை பழையது. பழைய கை புதிய கருவியைப் பிடித்தது எப்படி என்று கேட்பது முறை. கருவியைக் கண்டறிந்த அறிவையே கழுவிலேற்றுவது முறையன்று.

பாவ்மனையே விடவில்லை அந்தப் பழைய கை. 1968இல் வார்சா பல்கலைக் கழகம் அவரை வெளியேற்றியது. யூத எதிர்ப்பு அலை எழுந்த ஆண்டு அது. உலகம் உருகி நீராய் ஓடுகிறது, உறவும் தொழிலும் ஊரும் நிலைப்பதில்லை என்று 2000ஆம் ஆண்டில் எழுதிய அந்தப் பேரறிஞர், தம் வாழ்விலேயே உருகாத ஒன்றைக் கண்டவர்தான்!

ஜெர்மனியில் ஹேபர்மாஸ் என்ற அறிஞர் 1980 செப்டம்பரில் பிராங்க்பர்ட் நகரில் பரிசு பெற்றுப் பேசியபோது, நவீனம் முடிந்துபோன கதையன்று, முடிக்கப்படாத பணி என்று கூறினார். இளமையில் நாஜிகளின் ஆட்சியைக் கண்டவர் அவர். அவர் எழுத்து கரடுமுரடு; படித்தால் பல் உடையும். சொன்னது மட்டும் சரி.

முடிந்துவிட்டது என்று சொல்லாமல், வேறு விதமாகச் சொல்வோரும் உளர். நவீனம் முடியவில்லை, முற்றிவிட்டது; முற்றிய நிலையில் பழைய மரபெல்லாம் கரைந்துவிட்டது; இனி ஒவ்வொருவனும் தன் வாழ்வைத் தானே எழுதிக்கொள்கிறான் என்பது இவர்கள் கூற்று. இங்கிலாந்தின் ஆந்தனி கிடென்ஸ் இவர்களில் தலையாயவர். 1990இல் வந்த நூலில் நவீன காலத்தை ஓர் உருவகத்தால் விளக்குகிறார். மனிதர் ஓரளவே செலுத்தக்கூடிய, எந்நேரமும் கைமீறி ஓடக்கூடிய, குறுக்கே வருவோரை நசுக்கிச் செல்லும் மாபெரும் ஊர்தி என்கிறார். அதற்கு அவர் ஆண்ட ஆங்கிலச் சொல் எங்கிருந்து சென்றது தெரியுமா? பூரி ஜெகந்நாதர் கோயில் தேரிலிருந்து! ஜெகந்நாதன் என்ற பெயர்தான் வெள்ளையர் நாவில் திரிந்து, நசுக்கும் ஊர்தி என்ற பொருளில் ஆங்கில அகராதி ஏறியது. பக்தர்கள் சக்கரத்தடியில் விழுந்து மாய்கின்றனர் என்று அந்நாளைய ஐரோப்பியப் பயணிகள் ஊதிப் பெருக்கி எழுதிய கதையின் மிச்சம் அது.

நம்மவர்க்குத் தேர் தெரியும். ஆகவே பேராசிரியரைக் கேட்கலாம். ஐயா, தேர் ஓடுகிறது என்றீர், மெத்தச் சரி. தேரின்மேல் அமர்ந்திருப்பவர் யார்? வடம் பிடித்து வியர்வை சிந்துபவர் யார்? வடத்தைத் தொடவே கூடாது என்று தெருமுனையில் நிறுத்தப்பட்டவர் யார்? எந்தத் தெருவில் நுழையும், எந்தத் தெருவை எட்டியும் பார்க்காது? சிவகங்கைச் சீமையின் கண்டதேவியில், வடம் பிடிக்கும் உரிமை எவர்க்கு என்பது நீதிமன்றம் வரை சென்ற வழக்கு. நாம் அனைவரும் தேரில் இருக்கிறோம் என்று எழுதுகிறாரே, அந்த 'நாம்' யார்? சக்கரத்தின் அருகே நின்று பார்த்தவன் அந்தச் சொல்லை அவ்வளவு எளிதில் எழுதமாட்டான்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கிடென்ஸ் 2004இல் பிரபுப் பட்டம் பெற்றுப் பிரபுக்கள் சபையில் அமர்ந்தார். 1999ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோரை வெளியேற்றியபோதும், 92 இடங்களை மட்டும் பரம்பரைக்கே விட்டுவைத்திருந்தது. தந்தை பிரபு, ஆகவே நான் பிரபு என்று வந்தோர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், மரபு கரைந்துவிட்டது என்று எழுதிய மேதை! கொஞ்சம் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

ஜெர்மனியின் உல்ரிக் பெக் 1986இல் எழுதிய நூலின் கருத்து இது: முன்னாளில் செல்வத்தைப் பங்கிடும் சண்டை, இந்நாளில் ஆபத்தைப் பங்கிடும் சண்டை. செல்வம் வர்க்கம் பார்க்கும். நச்சுக் காற்று வர்க்கம் பார்க்காது. அந்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. கதிர்வீச்சு எல்லைக் காவலரிடம் அனுமதிச் சீட்டுக் கேட்காமல் ஐரோப்பா முழுதும் பரவியது. நூல் பெரும்புகழ் பெற்றது. வர்க்கம் என்ற சொல் செத்தும் நடமாடும் பிணம் என்றே பிற்பாடு அவர் பேசலானார்.

செர்னோபிலுக்குப் பதினாறு திங்கள் முன்னர், 1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில், போபால் நகரில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. அது யார் வீட்டுக் கதவைத் தட்டிற்று? ஆலைச் சுவரை ஒட்டிய குடிசைகளை! அன்று இரவு மாண்டோரும், மாளாமல் கண்ணும் நுரையீரலும் கெட்டு ஆண்டாண்டாய் மாள்வோரும் யார்? கூலிக்காரர், பீடி சுற்றுவோர், வண்டி இழுப்போர். நிறுவனத் தலைவர் ஆண்டர்சன் அந்நாளில் இந்தியா வந்தார், கைது செய்யப்பட்டார், ஜாமீனில் விடுவிக்கப்பட்டார், பறந்தார். 2014இல் அமெரிக்காவில் முதுமை எய்தி மறையும்வரை போபால் நீதிமன்றத்தின் படியை மிதிக்கவில்லை. காற்று ஆள் பார்க்காது என்பது மெய். ஆலையை எங்கே கட்டுவது என்று தீர்மானித்தவன் ஆள் பார்த்தான்! பெக் இதனை அறியாதவர் அல்லர். ஆபத்தான ஆலைகள் ஏழை நாடுகளைத் தேடிச் செல்வதைத் தம் நூலிலேயே குறித்தார், போபாலையும் குறித்தார். குறித்துவிட்டு, நச்சின் முன் எல்லோரும் ஒன்று என்ற தம் முடிவை மாற்றாமலே மேலே சென்றார். இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சரி, பேராசிரியர்கள் ஏதோ எழுதுகின்றனர். நமக்கென்ன என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு சொல். பகுத்தறிவை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டால் நாற்காலி காலியாகவா இருக்கும்?

அறிவியல் உண்மை என்பது கண்டுபிடிக்கப்படுவதன்று, ஆய்வுக்கூடத்தில் கட்டி எழுப்பப்படுவது என்று பேசத் தொடங்கினர் சிலர். பிரான்சின் புரூனோ லத்தூர் அவர்களில் பெரும்புகழாளர். எகிப்து மன்னன் இராம்சேசின் உடலைப் பாரிசுக்குக் கொண்டுவந்து ஆராய்ந்தவர்கள், மன்னன் காசநோயால் இறந்திருக்கலாம் என்றனர். லத்தூர் 1998இல் கேட்டார்: காசநோய்க் கிருமியைக் கோக் கண்டது 1882இல், மூவாயிரம் ஆண்டுக்கு முன் இறந்தவன் அதனால் எப்படி இறந்திருக்க முடியும்? சிரிக்காதீர்கள்! உண்மையிலேயே கேட்டார். பெயர் வைக்கப்படாத பாம்பு கடித்தால் விஷம் ஏறாது போலும்!

1996இல் நியூயார்க் பல்கலைக் கழக இயற்பியலாளர் ஆலன் சோக்கல், இத்தகையோரின் ஏடு ஒன்றுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். இயற்பியலின் உண்மைகள் வெறும் சமூகக் கட்டுமானங்களே என்று, வேண்டுமென்றே பிதற்றலை நிரப்பி, பெரும் பெயர்களின் மேற்கோளால் ஒப்பனை செய்து அனுப்பினார். ஏடு மகிழ்ந்து வெளியிட்டது! உடனே வேறொரு இதழில், அது நான் வைத்த பொறி என்று உடைத்தார். சிரிப்பொலி அடங்கப் பல ஆண்டுகள் ஆயின.

அங்கே சிரிப்பு. இங்கே? எல்லா அறிவும் ஒன்றே, மேலைநாட்டான் அறிவியல் அவனுடைய கதை, நம் சாத்திரம் நம்முடைய கதை என்ற வாய்பாடு கப்பலேறி வந்து சேர்ந்தபோது, அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டவர் யார்? 2001இல் பல்கலைக்கழக மானியக் குழு, சோதிடத்தைப் பல்கலைக் கழகங்களில் பட்டப்படிப்பாக வைக்கலாம் என்று அறிவித்தது. அறிவியலாளர்கள் வழக்குத் தொடுத்தனர். 2004இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. உயிரியல் பயின்ற மீரா நந்தா 2003இல் எழுதிய நூலில், பாரிசில் பகுத்தறிவைப் பழித்தவர்களின் சொற்களே இங்கே பழமைவாதிகளின் படைக்கலமாயின என்று எடுத்துக்காட்டினார். ஆதிக்கத்தை எதிர்க்கிறோம் என்று அவர்கள் வடித்த வாள், ஆதிக்கக்காரன் இடுப்பில் வந்து தொங்குகிறது!

லத்தூருக்கே இது உறைத்தது. புவி வெப்பமடைகிறது என்ற உண்மையை மறுப்போர், எதுவும் உறுதியில்லை, எல்லாம் கட்டியதே என்று தம் பாணியிலேயே பேசுவதைக் கண்டு, 2004இல் நாங்கள் தவறிழைத்துவிட்டோமோ என்று கலங்கி எழுதினார். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம். கலக்கம் கொஞ்சம் முன்னமே வந்திருக்கலாம்.

இவ்வளவும் ஏட்டுச் சண்டையாகத் தோன்றுமாயின், ஏட்டை மூடிவைத்துவிட்டுத் தெருவுக்கு வாருங்கள். நகரத்துச் சாலையின் நடுவே வட்டமாய் ஓர் இரும்பு மூடி இருக்கிறதே, அதனருகே.

நவீனம் தந்த நன்மைகளில் தலையாயது அந்த மூடியின் கீழே ஓடுகிறது. 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்சு நதியின் நாற்றம் தாங்காமல் இலண்டன் பாராளுமன்றம் மூக்கைப் பொத்தியது, பாசல்கெட் என்ற பொறியாளர் நிலத்தடிச் சாக்கடை அமைத்தார், காலரா ஓடிற்று. அறிவின் வெற்றி, ஐயமில்லை. அந்தக் குழாய் நம் நாட்டுக்கும் வந்தது. அடைத்துக்கொண்டால் இறங்குவது யார்? தன் வாழ்வைத் தானே எழுதிக்கொள்ளும் தனிமனிதனா? கிடென்ஸ் வந்து அவனைக் கேட்கட்டும்: தம்பி, நீ ஏன் இந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்தாய்? அவன் தன் தகப்பன் பெயரைச் சொல்வான். தகப்பன் செய்த தொழிலைச் சொல்வான். தான் வாழும் தெருவின் பெயரைச் சொல்வான். அதில் விடை முழுதும் இருக்கும்.

மலம் அள்ளும் தொழிலில் மனிதரை அமர்த்தக்கூடாது என்று 1993இல் சட்டம் வந்தது. போதாதென்று 2013இல் மற்றொரு சட்டம் வந்தது. பாதுகாப்பின்றிச் சாக்கடைக்குள் ஆளை இறக்குவது குற்றம் என்றது அது. 1993 முதல் சாக்கடையில் மாண்டோர் குடும்பங்களுக்குத் தலைக்குப் பத்து இலட்சம் ரூபாய் தருக என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. மரணம் நிற்கவில்லை. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் அத்தொகையை முப்பது இலட்சம் ஆக்கியது.

விடுதலை என்ற பெருங்கதையின்மீது எவருக்கும் நம்பிக்கை இல்லை என்ற அறிக்கையை எடுத்துக்கொண்டு அவர்கள் இந்த மூடியருகே வரட்டும். குழிக்குள் இடுப்பளவு இறங்கி நிற்பவனிடம் அதைப் படித்துக் காட்டட்டும். அவன் மகள் பள்ளிக்கூடம் சென்றிருக்கிறாள், மாலையில் வருவாள். அவளிடமும் படித்துக் காட்டட்டும்.